போல்ட்டில் இருந்த நம்பர்

பழைய இராணுவத் துப்பாக்கிகளின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று, மதிப்பீட்டு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு எழுதித் தரும்படி என் பழைய அலுவலகத்தில் கேட்டிருந்தார்கள். கிரீடத்தின் வடிவம், அதன் கீழே அரசரின் எழுத்து, தொழிற்சாலை முத்திரை, வருடம். இவற்றைப் படமெடுத்துத் தேடினால் உங்கள் போனே பாதி விடையைச் சொல்லிவிடும். மீதிப் பாதி கைப்பழக்கம். அதற்காக ஓய்வுபெற்ற ஒருவனைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை.

எனக்குச் சொல்ல இருப்பது ஒரு பிழையைப் பற்றி. கொழும்பு வெள்ளவத்தையில் என் ஃபிளாட்டில் இதை எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்து போய்விட்டேன். இப்போது சமையலறை மேடையில் கடதாசியை வைத்து நின்றபடி எழுதுகிறேன். உட்கார்ந்தால் பேனை ஓடவில்லை.

முப்பத்தாறு வருடங்கள் நான் செய்த வேலை இதுதான்: ஒரு வீட்டில் யாராவது இறந்தால், அல்லது நாட்டைவிட்டுப் போனால், உள்ளே போய் இருக்கிற சாமான்களைப் பார்த்துப் பட்டியல் எழுதுவது. அலுமாரி, மணிக்கூடு, வெள்ளிப் பாத்திரம், பீங்கான். துவக்குகள், அதாவது துப்பாக்கிகள், தற்செயலாகத்தான் என் கைக்கு வந்தன. வேறு யாருக்கும் அவற்றைத் தொட விருப்பமில்லை. அந்தக் காலத்துக் கொழும்பில் ஒரு தமிழன் துவக்கைப் பற்றிப் படிக்கிறான் என்பது வெளியே சொல்லக்கூடிய விசயமாகவும் இருக்கவில்லை. புத்தகங்களை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வெறுங்கையோடு போவேன்.

எனக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு நிச்சயதார்த்த வீடு. வெள்ளவத்தையில் புடவைக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர், மகளைப் பெண் எடுக்க வந்தவர்கள் பார்க்கட்டும் என்று விக்டோரியா ராணி காலத்துத் துவக்கு ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தார். எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கூப்பிட்டு, "இதின்ர வயசைச் சொல்லுங்கோ" என்றார். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து ஒரே மூச்சில் சொன்னேன்: "இது கள்ளச் சாமான், முதலாளி. ராணியின்ர எழுத்து இருக்குது. ஆனா கீழ அடிச்சிருக்கிற வருசத்தில ராணி உயிரோட இல்லை."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். முதலாளி அதன்பிறகு என்னோடு கதைக்கவேயில்லை. ஆனால் கதை பரவியது. "துவக்கு நித்தி" என்று பெயர் வந்தது. ஒரு பார்வை போதும், சொல்லிவிடுவார் என்றார்கள். நானும் அதை நம்பினேன்.

நம்பாதவர் ஒருவர் இருந்தார். எங்கள் தலைமை மதிப்பீட்டாளர், ஒரு பறங்கிப் பெண்மணி. எந்த நம்பரைக் குறித்தாலும் அதைப் பொருளின் எந்தப் பாகத்தில் வாசித்தோம் என்று குறிப்புப் புத்தகத்தின் இடது ஓரத்தில் எழுத வேண்டும் என்பது அவருடைய சட்டம். எழுதாவிட்டால் பக்கத்தையே திருப்பித் தந்துவிடுவார். "உமக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும், நித்தி. எங்கே பார்த்தீர் என்று சொல்லும்" என்பார். பள்ளிக்கூடப் பிள்ளைபோல நடத்துகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் எழுதினேன். வேலை போய்விடுமே.

யுத்த நிறுத்தம் வந்த காலத்தில் கொட்டாஞ்சேனையிலிருந்து அருளம்பலம் என்பவர் கூப்பிட்டார். துறைமுகத்தில் கப்பல்களைப் பரிசோதிக்கும் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர். மென்மையாகப் பேசுகிற மனிதர். ஊரைவிட்டுப் போன தோட்டத்துரைமாரின் வீட்டு ஏலங்களில் அவர் வாங்கிச் சேர்த்த ஒன்பது பழைய இராணுவத் துவக்குகள் இருந்தன. எல்லாம் குழலில் ஈயம் அடைத்து, சுட முடியாதபடி செய்து, காட்சிப் பொருளாக லைசன்ஸ் எடுத்து வைத்திருந்தவை. சண்டை உச்சத்தில் இருந்தபோது பொலிஸில் பாரம் கொடுத்து ஒப்படைத்திருந்தார். இப்போது திருப்பிக் கொடுத்திருந்தார்கள். பழைய பதிவுகள் பொலிஸில் தொலைந்துபோயிருந்ததால், லைசன்ஸைப் புதுப்பிக்க மதிப்பீட்டாளரின் புதிய பட்டியல் ஒன்று வேண்டும்.

ஒன்பதில் ஏழு மிகப் பழையவை, வாய்வழியாக மருந்து இடித்துச் சுடுகிறவையும் ஒரு தோட்டா மட்டும் போடுகிறவையும். அவற்றைப் பார்க்க எனக்கு நேரம் எடுக்கவில்லை. மற்ற இரண்டும் உலக யுத்தங்களில் பாவித்த ரைபிள்கள். இவற்றில் போல்ட் என்று ஒரு பாகம் உண்டு, கைபிடித்து முன்னும் பின்னும் இழுக்கிற இரும்புத் துண்டு. அதைத் தனியே கழற்றி எடுக்கலாம். நம்பர் ரைபிளின் உடலிலும் இருக்கும், போல்ட்டிலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். லைசன்ஸில் எழுத வேண்டியது உடலில் இருக்கிற நம்பர்.

உடல்கள் இரண்டும் தடித்த கிறீஸில் தோய்ந்து கிடந்தன. போல்ட்டுகள் தனியாக ஒரு சாக்குப்பையில், துடைத்துப் பளிச்சென்று இருந்தன. முதல் ரைபிளின் கிறீஸைச் சுரண்டிப் பார்த்தேன். உடலும் போல்ட்டும் ஒரே நம்பர். நாலு மணிக்கு எனக்கு இன்னொரு வீட்டில் வேலை. கையெல்லாம் கிறீஸ். இரண்டாவதின் போல்ட்டை மட்டும் எடுத்து, அதிலிருந்த நம்பரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அருளம்பலம் தேத்தண்ணி கொண்டுவந்து, "முடிஞ்சுதோ? இவ்வளவு கெதியா?" என்று ஆச்சரியப்பட்டார்.

"பழகின கைதானே" என்றேன்.

பல வருடங்கள் கழித்து, போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமைதான் மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். அருளம்பலம் இறந்து மூன்று மாதமாகியிருந்தது. மகள் வித்யா மெல்பேர்னிலிருந்து வந்திருந்தாள். "பழைய பட்டியல்ல உங்கட பேர்தான் இருக்கு, அங்கிள். அப்பாவுக்கு உங்களில நல்ல நம்பிக்கை" என்று போனில் சொல்லியிருந்தாள். இறந்தவர் பெயரில் இருக்கிற லைசன்ஸை வைத்துக்கொண்டிருக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரு நூதனசாலைக்குக் காட்சிப் பொருளாகக் கொடுக்க ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முன் ஒவ்வொன்றையும் லைசன்ஸோடு ஒப்பிட்டுப் பட்டியல் எழுதிப் பொலிஸுக்குக் கொடுக்க வேண்டும். வித்யாவுக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம்.

வீட்டில் இப்போது இருந்தவர் அருளம்பலத்தின் தம்பி யோகேஸ்வரன் மட்டும்தான். எழுபத்தாறு வயது, மணமுடிக்காதவர், அரசாங்கத் திணைக்களத்தில் கணக்காளராக இருந்தவர். நான் யோகண்ணை என்று கூப்பிடுவேன்.

எட்டுத் துவக்குகள் சுவரில் இருந்தன. அவை மத்தியானத்துக்கு முன்பே முடிந்துவிட்டன. ஒன்பதாவதைக் காணவில்லை. கேட்டபோது யோகண்ணை அலுமாரிக்குப் பின்னாலிருந்து படுக்கை விரிப்பில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்தார்.

"உந்தத் துவக்கை அண்ணை ஆருக்கும் காட்டமாட்டார். ஏனெண்டு கேட்டா வேற கதை கதைப்பார்."

சுற்றை அவிழ்த்தேன். நம்பர் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று கறுப்பாக இருந்தது. மெழுகும் கறுப்புச் சாயமும் சேர்த்து யாரோ பொறுமையாக நிரப்பியிருந்தார்கள். யோசிக்கவேயில்லை. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தேன், பல்லுக்குத்தும் குச்சியால் கிளறினேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. சத்தமாக வாசித்தேன்.

லைசன்ஸை வைத்திருந்த வித்யா நிமிர்ந்தாள். "அது இல்லை, அங்கிள். திருப்பி வாசியுங்கோ."

திருப்பி வாசித்தேன்.

"இதில அப்பிடி ஒரு நம்பரே இல்லை."

போல்ட்டை இழுத்துப் பார்த்தேன். லைசன்ஸில் இருந்த நம்பர் போல்ட்டில் இருந்தது. உடலில் இந்தியத் தொழிற்சாலையின் முத்திரை, போல்ட்டில் இங்கிலாந்துத் தொழிற்சாலையின் முத்திரை. எப்போதோ ஒரு இராணுவப் பட்டறையில் வேறு போல்ட்டை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அப்படி நடப்பது சகஜம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

நிலைமை என்னவென்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கடதாசியின்படி, லைசன்ஸ் இல்லாத ரைபிள் ஒன்று அந்த வீட்டில் இருக்கிறது. லைசன்ஸ் உள்ள ரைபிள் ஒன்றைக் காணவில்லை. ஒரு குற்றமல்ல, இரண்டு. அதுவும் கொட்டாஞ்சேனையில், ஒரு தமிழ் வீட்டில்.

வித்யா கேட்டாள்: "அப்பா மாத்தி எடுத்தவரோ? மற்றதை ஆருக்கும் குடுத்திட்டாரோ? சித்தப்பா, உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

"எனக்கு என்ன தெரியும்? அண்ணை ஏன் இதை மறைச்சு வச்சவர்?" என்றார் யோகண்ணை. சொல்லிவிட்டுத் தானே பயந்துபோய்க் கதிரையில் உட்கார்ந்தார்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அது. கைகளைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குத் திருப்பிப் பாத்திட்டுச் சொல்றன்" என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். செத்துப்போன ஒரு நல்ல மனிதனை அவருடைய மகளும் தம்பியும் சந்தேகிக்க விட்டுவிட்டு பஸ் ஏறினேன். போல்ட்டின் நம்பரை எழுதியது தவறுதான், ஆனால் அது அவசரத்தில் வந்தது. இது அப்படியில்லை. எனக்குத் தெரிந்தே செய்தது.

புதன்கிழமை காலை கடற்கரையில் ரயில் பாதையோரமாகத் தெகிவளைப் பக்கம் நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில் இருந்த பெட்டிகளை இழுத்துப் பழைய குறிப்புப் புத்தகங்களைத் தேடினேன். மனதின் ஒரு மூலையில் ஒரு நப்பாசை இருந்தது. பிழை என்னுடையதாக இல்லாமலும் இருக்கலாம், பிறகு வேறு யாராவது போல்ட்டை மாற்றியிருக்கலாம் என்று. புத்தகம் கிடைத்தது. அருளம்பலத்தின் பக்கம். இடது ஓரத்தில் எட்டாவதற்கு நேரே "உ, போ" என்று என் கையெழுத்து. உடல், போல்ட். ஒன்பதாவதற்கு நேரே "போ" மட்டும்.

புத்தகத்தை மூடி வைத்தேன். திறந்தேன். மறுபடி மூடினேன். எத்தனை தடவை பார்த்தாலும் "போ" தான் இருந்தது.

மத்தியானம் வித்யா கூப்பிட்டாள். யாரோ சிநேகிதரிடம் கேட்டிருக்கிறாள். குரல் அவசரமாக இருந்தது.

"அங்கிள், அந்தக் கறுப்பைத் திருப்பிப் பூசிவிட்டா என்ன? நீங்கள் போல்ட்டில இருக்கிற நம்பரையே எழுதுங்கோ. இவ்வளவு காலமும் அப்பிடித்தானே இருந்தது. ஆர் கிளறிப் பாக்கப் போகினம்?"

உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அவள் கேட்பது என்னையும் காப்பாற்றுகிற வழி. இறந்தவரின் மகளே கேட்கிறாள், குடும்பத்துக்காகச் செய்தேன் என்று மனச்சாட்சிக்கும் சொல்லிக்கொள்ளலாம். இந்த வேலையில் உங்களைப் பிழைசெய்யச் சொல்கிறவர்கள் கெட்டவர்களாக வரமாட்டார்கள். களைத்துப்போய், பயந்துபோய், உங்களை அங்கிள் என்று கூப்பிட்டுக்கொண்டு வருவார்கள்.

"யோசிச்சுச் சொல்றன், பிள்ளை" என்றேன். அதுவும் ஒரு கோழைத்தனமான பதில்தான்.

வியாழக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மேசையில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து, எதுவும் குறைக்காமல் சொன்னேன். கிறீஸ், சாக்குப்பை, நாலு மணி வேலை எல்லாம்.

வித்யா அழுதாள். "அப்ப அப்பா ஒண்டும் செய்யேல்லை" என்று இரண்டு தடவை சொன்னாள்.

யோகண்ணை அழவில்லை. புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அண்ணை உம்மை ஒருக்காக் கூப்பிட்டவர். ஞாபகம் இருக்கோ?"

இருக்கவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் வந்தது. பட்டியல் எழுதி மூன்று நாலு வருடங்களுக்குப் பிறகு. சண்டை மறுபடி தொடங்கிவிட்டிருந்தது. அருளம்பலம் அலுவலகத்துக்குப் போன் எடுத்து, "ஒரு சின்ன விசயம். போனில கதைக்கேலாது. நேரம் கிடைக்கேக்க ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்றார். இன்னொரு துவக்கு வாங்கிவிட்டார், அதைக் காட்டிப் பெருமைப்படக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போவதென்றால் அந்த நாட்களில் எத்தனை சோதனைச்சாவடி. அடுத்த கிழமை வருகிறேன் என்றேன். போகவில்லை. அவர் மறுபடி கூப்பிடவில்லை.

"அண்டைக்குக் காலமை உந்தத் துவக்கைத்தான் துடைச்சுக்கொண்டிருந்தவர்" என்றார் யோகண்ணை. "நீர் வரேல்லை. பிறகு ஒரு நாள் மெழுகுதிரியை உருக்கிக்கொண்டிருந்தார். நான் ஏனெண்டு கேக்கேல்லை."

ஏன் அவர் பொலிஸுக்குப் போய் நம்பர் பிழை என்று சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. யோகண்ணை தானாகவே சொன்னார். யுத்த காலத்தில் வீட்டில் இருப்பவர்களின் பெயர்களைப் பொலிஸில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவில் யோகண்ணையின் பெயரில் ஒரு எழுத்துக் குறைந்திருந்தது. அடையாள அட்டையில் வேறு மாதிரி இருந்தது. அந்த ஒரு எழுத்துக்காக அவரைக் கூட்டிக்கொண்டுபோய் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் அருளம்பலம் பொலிஸ் வாசலில் போய் நின்றிருக்கிறார்.

"ஒரு எழுத்துக்குப் பதினொரு நாள். முழு நம்பருக்கு எத்தினை நாள் எண்டு அண்ணை கணக்குப் பாத்திருப்பார்."

நான் தலையைக் குனிந்தபடி, "நான் பொலிஸுக்குப் போறன், யோகண்ணை. நீங்கள் வரத் தேவையில்லை" என்றேன்.

"நீர் போனா பொலிஸ்காரர் இங்கதான் வருவினம்!" மேசையில் அடித்தார். "துவக்கு உம்மட வீட்டிலயோ கிடக்கு? எழுதினது நீர், இருக்கிறது நான்!"

அவர் சொன்னது சரி. என் மனச்சாட்சியைச் சுத்தம் செய்ய அவருடைய கதவைப் பொலிஸ் தட்ட வைக்கிறேன். அதற்கு எனக்கு என்ன உரிமை? சரியானதைச் செய்யத் தீர்மானித்தவுடன் எல்லாம் இலகுவாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அந்த மேசையில் அது இன்னும் கடினமாகத்தான் ஆனது. அதனால் அவரைக் கேட்டேன்: "நீங்கள் சொல்லுங்கோ. உங்கட சொல்லுத்தான். நீங்கள் வேண்டாம் எண்டா நான் போகமாட்டன். ஆனா பிழையான நம்பரில இன்னொருக்காக் கையெழுத்தும் வைக்கமாட்டன்."

வித்யா ஏதோ சொல்ல வந்தாள், யோகண்ணை கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்து ஜன்னலடிக்குப் போனார், திரும்பி வந்தார். என்னைப்போலவே அவருக்கும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

"அந்த மெழுகு இருக்குமட்டும் அது உம்மட பிழை" என்றார் கடைசியில். "நீர் கிளறிப்போட்டீர். நாங்கள் மூண்டு பேரும் பாத்திட்டம். இனித் திருப்பிப் பூசினா அது எங்கட களவு. அண்ணையின்ர பேரில நான் களவு செய்யமாட்டன். போம். ஆனா துவக்குக்கு முன்னால கடதாசி போகவேணும்."

கணக்காளர் அல்லவா. அந்தக் கடைசி வசனம் எங்களைக் காப்பாற்றியது. அன்று பின்னேரமே ஒரு சட்டத்தரணியிடம் போய், பிழை என்னுடையது என்று சத்தியக்கடதாசி முடித்தேன். குறிப்புப் புத்தகத்தின் பக்கத்தையும், உடலினதும் போல்ட்டினதும் முத்திரைகளின் படங்களையும் அதோடு இணைத்தோம். வித்யா விமானத்தைத் தள்ளிப்போட்டாள்.

வெள்ளிக்கிழமை நிலையத்தில் இருந்த இன்ஸ்பெக்டருக்கு என் மகனின் வயது. கடதாசிகளை மெதுவாக வாசித்தார். குறிப்புப் புத்தகத்தில் இருந்த தமிழ் எழுத்தில் விரலை வைத்து இது என்ன என்று கேட்டார். விளக்கினேன். மேலே எட்டாவதற்கு நேரே இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு நேராக என்னைப் பார்த்து, "மேக்க மஹத்தயாகே வெரத்தத?" என்றார். இது உங்களுடைய பிழையா?

சிங்களத்தில் எனக்கு எவ்வளவோ சொல்லத் தெரியும். கிறீஸைப் பற்றிச் சொல்லலாம், சாக்குப்பையைப் பற்றிச் சொல்லலாம். "ஓவ். மகே வெரத்த" என்றேன். ஆம், என்னுடைய பிழை.

பின்னேரம் இரண்டு கான்ஸ்டபிள்களோடு அவரே வீட்டுக்கு வந்தார். ரைபிளை எடுத்துப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தார். வாக்குமூலத்துக்கு யோகண்ணையை நிலையத்துக்குக் கூப்பிடவில்லை, வயதானவர் என்று அங்கேயே எழுதினார். எழுதி முடித்ததை யோகண்ணை கண்ணாடியைப் போட்டு வாசித்தார். தன் பெயரில் ஒரு எழுத்தைத் திருத்தச் சொன்னார். இன்ஸ்பெக்டர் திருத்தினார். அடுத்த பக்கத்திலும் அதே பிழை. அதையும் திருத்தச் சொன்னார். மூன்றாம் பக்கத்திலும். ஒரு கான்ஸ்டபிள் பெருமூச்சு விட்டார். யோகண்ணை அசையவில்லை. மூன்றும் திருத்திய பிறகுதான் பேனையை வாங்கினார்.

பிறகு ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கும் மேலே, எந்தத் தகவலும் இல்லை. அந்த ஐந்து கிழமையை எப்படிச் சொல்வது. போல்ட்டில் இருந்த நம்பருக்கு உரிய ரைபிள் வேறெங்காவது இருந்து, அதை வைத்து யாராவது ஏதாவது செய்திருந்தால்? அந்தக் கேள்வி என்னைச் சோற்றில் கைவைக்க விடவில்லை. போன் அடித்தால் பாய்ந்தேன், அடிக்காவிட்டால் எடுத்துப் பார்த்தேன். கொட்டாஞ்சேனைக்கு இரண்டு தடவை போனேன். யோகண்ணை கேற்றைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று, "ஒண்டும் வரேல்லை. போயிட்டு வாரும்" என்றார்.

ஆறாவது கிழமை இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். அரசாங்கப் பரிசோதகரின் அறிக்கை வந்துவிட்டது. உடலும் போல்ட்டும் வெவ்வேறு தொழிற்சாலையில் செய்தவை, போல்ட் இராணுவப் பாவனையில் இருந்த காலத்திலேயே மாற்றப்பட்டிருக்க வேண்டும், அந்த நம்பரில் காணாமல்போன ரைபிள் என்று எந்தப் பதிவும் இல்லை. வழக்கு இல்லை. ரைபிள் அரசுடைமையாகும். மற்ற எட்டையும் நூதனசாலைக்குக் கொடுக்கலாம். என்னைப் பற்றியும் ஒரு கடிதம் வந்தது. பொலிஸ் ஏற்றுக்கொள்ளும் மதிப்பீட்டாளர் பட்டியலிலிருந்து என் பெயர் எடுக்கப்பட்டுவிட்டது. அதனால்தான் இப்போது உங்களில் யாரும் என்னிடம் கையெழுத்துக்கு வரமுடியாது. எனக்கு அதில் வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் குறைசொல்ல ஒன்றுமில்லை.

போல்ட்டையும் உடலையும் சேர்த்துப் பாருங்கள் என்பதை யார் வேண்டுமானாலும் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் கேட்பது இரண்டு. நீங்கள் பட்டியல் எழுதிய வீட்டிலிருந்து பிறகு எப்போதாவது ஒருவர் கூப்பிட்டு, சின்ன விசயம், போனில் சொல்ல முடியாது என்றால், அன்றைக்கே போங்கள். உங்கள் பிழை தெரிந்த பிறகு மற்றவர் முகத்தில் சந்தேகம் விழுவதைக் கண்டால், பஸ் ஏறாதீர்கள்.

வித்யா போவதற்கு முதல்நாள் யோகண்ணையிடமிருந்து அழைப்பு வந்தது. இந்தமுறை கேற் திறந்திருந்தது. மேசையில் வெள்ளைக் கடதாசிகளும் பேனையும் இருந்தன.

"இன்ஸ்பெக்டரைக் கேட்டுப் பாத்தன். அண்ணையில பிழை இல்லை எண்டு ஒரு கடிதம் தரச்சொல்லி. செத்தவருக்குத் தங்களால கடிதம் தரேலாதாம்" என்றார். "நீர் எழுதும்."

உட்கார்ந்து எழுதினேன். காலமான திரு. அருளம்பலம் அவர்களின் லைசன்ஸில் இருந்த இலக்கத்தில் தவறு நேர்ந்துவிட்டது என்றும், அதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். யோகண்ணை வாசித்தார். ஒரு வரியில் நகத்தை வைத்தார்.

"தவறு நேர்ந்துவிட்டது எண்டா? மழையோ பெய்தது? ஆர் செய்தது?"

வித்யா மெதுவாக, "விடுங்கோ, சித்தப்பா" என்றாள்.

"இல்லை, பிள்ளை. அவர் சொல்றது சரி" என்றேன். புதிய கடதாசி எடுத்து, "நான் தவறு செய்தேன்" என்று எழுதினேன். எதில் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை, அருளம்பலம் கூப்பிட்டபோது நான் போகவில்லை என்பதையும் எழுதினேன். யோகண்ணை கேட்காததையும் எழுதினேன்.

யோகண்ணை இரண்டு தடவை வாசித்தார். பெயர்களின் எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இன்னொரு வெள்ளைக் கடதாசியை என் பக்கம் தள்ளினார்.

"பிள்ளை கொண்டுபோக ஒரு கொப்பி வேணும். போட்டோக்கொப்பி வேண்டாம். கையால எழுதும்."

நான் பேனையை எடுத்து, முதல் வரியிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினேன்.